தரையில் கால் வைக்காத பதினெட்டு நாள்

பதினெட்டு நாளாக அவர் காலை ஏழு மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் நடுவில் தரையில் கால் வைக்கவில்லை. டீயைச் சைக்கிள் மேலேயே குடித்தார். பன்னைச் சைக்கிள் மேலேயே பிய்த்துத் தின்றார். தும்மல், விக்கல், கொட்டாவி எல்லாம் அங்கேயேதான். கடைத்தெருவில் பாதிப் பேர் அதை ஏதோ பந்தயம் என்று நினைத்தார்கள். மீதிப் பேர் வேண்டுதல் என்றார்கள். இரண்டும் இல்லை என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

"அண்ணே, கொஞ்சம் இறங்கி பெஞ்சில உக்காந்து குடிச்சா டீ கசக்கவா போகுது?" என்று டீக்கடைக்காரர் தினமும் கேட்பார். கிளாசை மேலே நீட்டி நீட்டி அவருக்குத் தோள்பட்டை வலி கண்டிருந்தது.

"நேரம் இல்லப்பா. இன்னும் இருபத்தாறு போர்டு பாக்கி."

"சரி, அரைக் கிளாசுக்கு மேல ஏன் வேண்டாங்கிறீங்க? டீ மேல என்ன கோவம்?"

அதற்கு என்னவென்று பதில் சொல்வது? வயிறு நிறையக் குடித்தால் ஒரு மணி நேரத்தில் இறங்கியே ஆகவேண்டும். அந்த அவஸ்தையை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அதனால் காலையில் ஒரு வாய்த் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு, பகல் இரண்டு மணிக்கு வீட்டு வாசலில் குதித்து, யாரோ துரத்துகிற மாதிரி பின்பக்கம் ஓடுவார்.

கடைத்தெருவில் அவருக்கு மாடிக்காரர் என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வாக்காளர் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. குடியிருப்பதோ தரையோடு தரையாக ஓர் ஒற்றை அறை வீடு. மழை பெய்தால் தெருத்தண்ணீர் முதலில் அங்கேதான் வந்து நலம் விசாரிக்கும். மாடி என்பது வீட்டில் இல்லை, சைக்கிளில் இருந்தது. இரண்டு சைக்கிள் சட்டங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பற்றவைத்து, நீளமான செயின் மாட்டி, மனைவியின் தம்பி தன் வெல்டிங் பட்டறையில் செய்து கொடுத்தது. பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் சீட்டு அவன் நெற்றிக்கு வரும்.

அவருடைய தொழில் கடைகளின் பெயர்ப்பலகைகளைத் துடைப்பது. முன்பெல்லாம் ஏணியோடு அலைந்தார். ஏணியை வைத்தால் கடை வாசல் அடைபடும். கடைக்காரர் முகம் சுளிப்பார். ஏணியை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனால் போகிற வழியில் யார் தலையிலாவது இடிக்கும். மாடி சைக்கிள் வந்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. சுவர் ஓரமாக வருவார், ஒரு முழங்கையைச் சுவரில் ஊன்றுவார், ஈரத் துணியால் ஒரு இழுப்பு, ரப்பர்க் கட்டையால் ஒரு வழிப்பு, சுவரை ஒரு தள்ளு தள்ளினால் அடுத்த கடை. ஒரு நாளைக்கு நாற்பது போர்டு.

உயரமான சைக்கிளில் ஒரு சங்கடம் உண்டு. நிற்க முடியாது. மற்றவர்கள் பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றுவார்கள். இவர் கால் தரைக்கு எட்டாது. நிற்கவேண்டுமானால் சாய ஏதாவது வேண்டும். சுவரோ, கம்பமோ, பேருந்து நிழற்குடையின் கூரையோ. எந்தக் கம்பம் வெயிலில் சுடும், எது மழைக்காலத்தில் சுரீரென்று மின்சாரம் காட்டும், எந்தச் சுவரின் சுண்ணாம்பு சட்டையில் ஒட்டும் என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. இடையில் சாய ஒன்றும் இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். பால்கேன் கட்டிய சைக்கிள்காரர்களும், சட்டக்கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துப் பள்ளிக்குப் போகிற அப்பாக்களும், ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி ஜோடியாக மிதித்துப் போகிற ஆலைத் தொழிலாளிகளும் அவரை நிமிர்ந்து பார்த்து, "மேல காத்து எப்படி?" என்பார்கள். "உங்களுக்கு வர்றதுக்கு முன்னாடி எனக்கு வந்துடுது," என்பார். சும்மா நிற்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. ஆண்டவன் அவர் காலில் எறும்பை வைத்துப் படைத்துவிட்டான் என்று மனைவி சொல்வாள்.

அப்படி இருந்தவர்தான் ஒரு நாள் விழுந்தார்.

மூக்குக்கண்ணாடிக் கடை முனையில் ஒரு விளக்குக் கம்பம். பதினோரு வருடமாகச் சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் அவர் இடது உள்ளங்கையை அதில்தான் வைப்பார். அவர் கை படுகிற இடத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளக்கும். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று ஒரு நாள் அந்தக் கம்பத்தைப் பிடுங்கி எதிர்ப்பக்கம் நட்டுவிட்டார்கள். மறுநாள் காலை அவர் வழக்கம்போல வந்தார். சிவப்பு விழுந்தது. கண் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, கை தானாக இடது பக்கம் நீண்டது. அங்கே கம்பம் இல்லை. அவ்வளவு உயரத்திலிருந்து மனிதர் சாய்ந்த வாக்கில் அப்படியே போனார். சாலை வேலைக்குக் கொட்டியிருந்த மணல்தான் தாங்கியது. மணிக்கட்டு பிசகியதோடு போயிற்று.

அவர் மனைவியை ஊரில் காஜா அக்கா என்பார்கள். தையல்காரர்களின் வீடுகளில் தைத்த சட்டைகளை வாங்கி, பட்டன் ஓட்டை போடுகிற காஜாக் கடையில் கொடுத்து, திரும்ப வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. அவளிடம் இருந்தது முன்னால் பெரிய மரப்பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிள். அதுவும் தம்பி கைவேலைதான். சீட்டு முழங்கால் உயரம். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து தெருவில் போனால், "மேல் வீடும் கீழ் வீடும் கிளம்பிடுச்சு," என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

அவர் விழுந்த அன்று சாயங்காலம் அவள் அழவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தம்பிகிட்டச் சொல்லி அதை அறுத்து ஜன்னல் கம்பியாப் போட்டுடப் போறேன்."

"அறுக்கிறதுன்னா என்னையும் சேத்து அறுக்கச் சொல்லு."

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. வயசு அம்பத்திரண்டு. நினைப்பு பன்னெண்டு."

"இந்தா பாரு. முன்ன மாதிரி நான் ஓடி ஏற முடியாமப் போற அன்னிக்கு, நானே அதை விட்டுடுறேன். போதுமா?"

"வாயால சொன்னா ஆச்சா?"

வீட்டில் அவர்கள் கும்பிடுகிற மூலையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து போய் அதன் முன்னால் நின்று, நல்ல கையை நெஞ்சில் வைத்து அதையே மறுபடி சொன்னார். அவர் அங்கே நின்று ஒன்றைச் சொல்லிவிட்டு மீறியதில்லை. பீடியை விட்டது அப்படித்தான். பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அண்ணனோடு மறுபடி பேசியதும் அப்படித்தான். அவளுக்கு மனசு ஆறிவிட்டது.

கை சரியான நாளில் சைக்கிளை வெளியே எடுத்தார். மாடி சைக்கிளில் ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு மூன்று எட்டு ஓடவேண்டும். நாலாவது எட்டில் இடது காலைத் தூக்கி, பின்சக்கரத்துப் பக்கத்தில் பற்றவைத்த ஒரு சாண் குழாய்த்துண்டில் வைக்கவேண்டும். அதுதான் படி. அங்கிருந்து கீழ்ச் சட்டம், அங்கிருந்து சீட்டு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இவ்வளவும் நடக்கவேண்டும். பதினோரு வருடமாக அதை யோசிக்காமல் செய்தவர். அன்று மூன்று எட்டு ஓடினார். நாலாவது எட்டில் கால் எழும்பவில்லை. யாரோ கணுக்காலைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. மறுபடி ஓடினார். மறுபடியும் அதே. ஏழு தடவை. வேர்த்து ஊற்றியது. மனைவி ஆறரைக்கே மூட்டையோடு போய்விட்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் ஒரு பூனையைத் தவிர யாரும் இல்லை.

அப்புறம் அவர் செய்தது அவருக்கே பிடிக்காத காரியம். சைக்கிளைப் பின்சுவரில் சாய்த்தார். துணி துவைக்கிற கல்லில் ஏறி, அங்கிருந்து சுவரில் ஏறி, சுவரிலிருந்து சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு பழைய மாடிக்காரர்தான். மிதித்தார், வளைந்தார், சாய்ந்தார், துடைத்தார். இறங்குவதும் கஷ்டமில்லை. ஆனால் இறங்கினால் ஏற முடியாது. ஏற முடியவில்லை என்று ஒரு கண் பார்த்துவிட்டால் அது மனைவி காதுக்குப் போக ஒரு மணி நேரம் ஆகாது. ஆகவே இறங்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று பதினெட்டு நாள் ஆகிவிட்டது.

ராத்திரியில் விளக்கு முன்னால் எல்லோரும் நிற்கிற மாதிரி அவரும் நிற்பார். கண்ணை மூடினால் சுவர் வந்து நிற்கும். "நான் ஏற முடியலைன்னு இன்னும் முடிவாகலையே ஆண்டவனே, நாளைக்குச் சரியாயிடும்," என்று உள்ளுக்குள் வாதாடுவார். வாதாடுகிறவனுக்குத் தூக்கம் ஏது? படுத்தால் கால் இரண்டும் தானாக உதறும். புரண்டு படுப்பார். எழுந்து உட்காருவார். மறுபடி படுப்பார்.

பக்கத்தில் படுத்திருந்தவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிப்பதில்லை. கால் உதறுகிறது. பகலில் வந்ததும் வராததுமாகப் பின்பக்கம் ஓடுகிறார். கேட்டால் எரிந்து விழுகிறார். அவளுடைய அப்பா சர்க்கரை வியாதியை மூன்று வருடம் யாரிடமும் சொல்லாமல் மறைத்து, கடைசியில் ஒரு காலோடுதான் வீட்டுக்கு வந்தார்.  ஒரு வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று டோக்கன் வாங்கினாள். பதினாலாம் நம்பர். பெட்டியில் சட்டை மூட்டையோடு மூன்று சக்கரத்தை மிதித்துக்கொண்டு அவரைத் தேடிப் புறப்பட்டாள்.

பேருந்து நிலையத்துக்கு முன்னால் இருக்கிற ரவுண்டானாவில் அவரைப் பிடித்தாள்.

"என்னங்க! நில்லுங்க! டாக்டருக்கு டோக்கன் வாங்கிட்டேன்!"

"யாருக்கு?" என்று கேட்டார். பதில் வருவதற்குள் சைக்கிள் அவளைத் தாண்டிப் போய்விட்டது. நிற்கவேண்டுமானால் அவள் பக்கத்தில் இருந்த சுவரில்தான் சாயவேண்டும். சாய்ந்தால் இறங்கு என்பாள். வேறு தெருவில் திரும்பி ஓடிவிடவும் மனசு வரவில்லை. ஆகவே ரவுண்டானாவைச் சுற்றி மறுபடி வந்தார்.

"உங்களுக்குத்தான்! பதினாலாம் நம்பர்! இறங்குங்க!"

"எனக்கு என்ன கேடு?"

மறுபடி ஒரு சுற்று.

"தண்ணி குடிக்கிறதில்லை. ராத்திரி பூரா காலை உதறுறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? சர்க்கரைதானே?"

"சர்க்கரையும் இல்லை, உப்பும் இல்லை! நீ போய் வேலையைப் பாரு!"

நாலாவது சுற்றில் போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து சேர்ந்தார். "ஏம்மா, இது ரவுண்டானாவா குடும்பக் கோர்ட்டா? பின்னாடி பஸ் நிக்குது."

"சார், நீங்களாவது அவரை நிறுத்துங்க சார்."

"அவரை எப்படிம்மா நிறுத்துறது? கையைக் காட்டினா எனக்கு மேல இருந்து வணக்கம் வச்சுட்டுப் போறாரு."

ஐந்தாவது சுற்றில் வந்தபோது அவள் வண்டியின் பெட்டி ஓரத்தில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அவர் மேலே இருந்ததால் அது நன்றாகத் தெரிந்தது. மேலே இருப்பதில் அப்படியும் ஒரு கஷ்டம்.

ஆறாவது சுற்றில் கத்திவிட்டார். "ஏற முடியலை!"

"என்னது?" என்று அவள் எழுந்தாள். அவர் தாண்டிப் போய்விட்டார்.

ஏழாவது சுற்றில் இன்னும் பலமாகக் கத்தினார். "இறங்கினா ஏற முடியலைடீ! பதினெட்டு நாளா! சுவர் மேல ஏறி உக்காந்துக்கிட்டு வர்றேன்!"

பேருந்துக்குக் காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? அவள் பக்கத்தில் வந்ததும் காலைக் கீழ்ச் சட்டத்துக்குக் கொண்டுவந்து, குதித்து இறங்கி நின்றார். பட்டப்பகலில் கால் தரையில் பட்டது விநோதமாக இருந்தது.

"வியாதி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள்.

"இல்லை."

"சத்தியமா?"

அந்த வார்த்தை வந்ததும் அவர் சைக்கிள் ஹேண்டிலைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சத்தியத்தைப் பத்தி இனிமே நீங்க வாயைத் திறக்காதீங்க," என்றாள். குரலில் ஆறுதலும் கோபமும் ஒன்றாக வந்ததில் அவளுக்கே எது எதுவென்று புரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் வண்டியின் தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து, "ஏறுங்க, பாக்கலாம்," என்றாள்.

"இங்கேயா?"

"பின்ன, சுவத்துக்கிட்டப் போகவா?"

ஓடினார். நின்றார். திரும்பி வந்து ஓடினார். நின்றார். மூன்றாம் தடவை கால் பாதி எழும்பி, படியில் படாமல் இறங்கியது. கூட்டம் கூடிவிட்டது. "சீட்டை இறக்குங்க," என்றார் ஒருவர். "செருப்பைக் கழட்டிட்டு ஓடுங்க," என்றார் இன்னொருவர். வாழ்நாளில் சைக்கிளே ஏறாத ஒரு பெரிய மனிதர் மூச்சை அடக்கச் சொன்னார். போலீஸ்காரர் எல்லோரையும் விரட்டினார்.

மாடிக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. "சொன்ன சொல் சொன்னதுதான். இப்பவே மச்சான் பட்டறைக்குக் கொண்டு போறேன்."

இதைத்தானே அவள் கேட்டாள்? ஆனாலும் சரி என்று அவளுக்குச் சொல்ல வரவில்லை. "இன்னிக்கு எத்தனை போர்டு பாக்கி?" என்றாள்.

"ஒம்பது."

"கடைக்காரங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. என் பெட்டி மேல ஏறி நின்னு துடைங்க. முடிச்சுட்டு எங்க வேணும்னாலும் போலாம்."

சட்டை மூட்டைகளுக்கு மேல் பெட்டியின் பலகை மூடியைப் போட்டாள். அவர் மாடி சைக்கிளை ஒரு சுவரில் சாய்த்துவிட்டு மூடி மேல் ஏறி நின்றார். பார்த்தால் கை தாராளமாக எட்டியது. சீட்டில் உட்கார்ந்து எட்டாத மேல் விளிம்புகூட எட்டியது. மருந்துக்கடை, போட்டோ ஸ்டுடியோ, பேக்கரி, மூக்குக்கண்ணாடிக் கடை என்று அவள் தள்ளிக்கொண்டே போக, அவர் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பாத்தீங்களா, ஒரு ஆட்டம் உண்டா?" என்றாள். "பதினோரு வருஷமா இந்தப் பெட்டி வீட்டுலதான் இருக்கு."

"அதான்."

"என்ன அதான்?"

"நிக்குது."

"நிக்கணும்னுதானே மூணு சக்கரம் வச்சிருக்கு?"

அவர் அடுத்த போர்டுக்குத் துணியை நனைத்தார். வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. ஒன்பது போர்டும் கண்ணாடி மாதிரி ஆயிற்று. ஆனால் துடைக்கிற கை துடைத்துக்கொண்டிருக்க, அவருடைய வலது கால் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்ததை அவள் கீழே இருந்து பார்த்தாள். ஒவ்வொரு கடைக்கும் நடுவில் ஓட்டமாகத் திரும்பிப் போய் மாடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதைத் தனியாக விட்டு வரவும் முடியவில்லை, அதன் மேல் இருக்கவும் முடியவில்லை. வெகு நாளைக்குப் பிறகு அவர் நடந்து போவதைப் பார்த்த பேக்கரிக்காரர், "மாடிக்காரரே, இவ்வளவு குள்ளமா நீங்க?" என்று சிரித்தார். மாடிக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

கடைசிப் போர்டு முடிந்ததும் பட்டறைக்குப் போகிற வழியில் திரும்பினார்கள். சரக்கு வைக்கிற கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஒரு நீளமான சந்து. இரண்டு பக்கமும் இரும்புக் கதவுகள், எல்லாம் பூட்டியிருந்தன. ஆள் நடமாட்டம் இல்லை.

அவள் வண்டியை நிறுத்தினாள். "ஒண்ணு கேக்குறேன். ஓடி வரும்போது எங்க பாக்குறீங்க?"

"முன்னாடிதான். வேற எங்க பாப்பாங்க?"

"மூணு எட்டு வரைக்கும் முன்னாடி. காலைத் தூக்குற நேரத்துல தலையை இடது பக்கம் திருப்புறீங்க. மூணு தடவையும் திருப்புனீங்க. நின்னுக்கிட்டிருந்தவங்களுக்குத் தெரியாது. நான் கீழ உக்காந்திருந்தேன், எனக்கு உங்க மோவாய்தான் தெரிஞ்சுது."

"இடது பக்கம் என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை," என்றாள். "அதான் நிக்குறீங்க."

அவர் தன்னுடைய இடது உள்ளங்கையைப் பார்த்தார். தான் அங்கே எதைத் தேடுகிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவள் மூன்று சக்கரத்தைக் கொண்டுவந்து அவருக்கு இடது பக்கத்தில் நிறுத்தினாள். "நான் கூடவே மிதிச்சு வர்றேன். என்னைப் பிடிக்கக் கூடாது. பெட்டியையும் தொடக் கூடாது. நான் இருக்கேன், அவ்வளவுதான். ஓடுங்க."

முதல் தடவை அவர் வேகமாக ஓடிவிட்டார். பாரத்தோடு அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. "ரயிலா பிடிக்கப் போறீங்க?" என்று பின்னாலிருந்து கத்தினாள். இரண்டாம் தடவை ரொம்பவும் ஒட்டி வந்ததில் அவர் முழங்கால் பெட்டியில் மடேரென்று மோதியது. துள்ளிக்கொண்டு நின்று அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத வேண்டாம். "ஆண்டவன் பேரைச் சொல்ற வாயா இது?" என்றாள். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே திரும்பி நடந்தார். அவளும் வண்டியைத் திருப்பினாள்.

மூன்றாம் தடவை ஒரு முழம் இடைவெளி விட்டு மிதித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. தலை இடது பக்கம் திரும்பியது. அங்கே அவள் இருந்தாள். நெற்றியில் வேர்வை, வாயில் கடித்த சேலைத் தலைப்பு, விடாமல் மிதிக்கிற முழங்கால்கள். கால் எழும்பியது. படி. கீழ்ச் சட்டம். சீட்டு.

மேலே உட்கார்ந்ததும் அவர் சும்மா மிதித்தார். சந்தின் சுவர்களுக்கு மேலே இருந்த தகரக் கூரைகள் தெரிந்தன. காற்று வந்தது. கீழே பார்த்தார். அவள் இன்னும் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தாள்.

"இது ஏறினதா ஆகுமா?" என்று கேட்டார்.

"ஆகாது. நான் இருந்தேன்."

"அப்ப என் வாக்கு?"

அவள் நாலைந்து மிதி யோசித்தாள். "ராத்திரி கும்பிடும்போது நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. சுவத்தையும் சொல்லுங்க, பதினெட்டு நாளையும் சொல்லுங்க. இன்னும் அவகாசம் வேணும்னா அங்க கேளுங்க. என்கிட்டக் கேக்காதீங்க."

"உன்கிட்டயும் கேக்கணும்னு தோணுது."

"என்கிட்டன்னா, நாளையிலேருந்து ஆறரைக்கு என் கூடக் கிளம்பணும். சுவர்ப் பக்கம் போகக் கூடாது. நான் கூட வந்தா ஏறுங்க, வரலைன்னா தள்ளிக்கிட்டு நடங்க. யாரு சிரிச்சாலும் சரி."

"எத்தனை நாள் ஆகுமோ?"

"ஆகட்டும். அதுக்கு மேலயும் ஆகலைன்னா பட்டறை எங்கயும் ஓடிடாது. அப்புறம், ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போறோம். அதுல பேச்சே இல்லை."

அவர் மேலிருந்தே தலையை ஆட்டினார். சந்து முடிந்து பெரிய தெரு வந்தது. காஜாக் கடைக்கு அவள் இந்தப் பக்கம் திரும்பவேண்டும். வீட்டுக்கு அவர் அந்தப் பக்கம். பெரிய தெருவில் கலந்துவிட்டால் அப்புறம் வீடு வரைக்கும் இறங்க வேண்டியதில்லை. அவர் முனையிலேயே சின்னதாக ஒரு வட்டம் போட்டார். இன்னொரு வட்டம் போட்டார்.

"என்ன?" என்றாள்.

"இன்னொரு தடவை பாப்பமா?"

"பெட்டியில முப்பது சட்டை கிடக்கு. கடைக்காரர் என்னைத் திட்டித் தீர்ப்பாரு," என்றாள். சொல்லிக்கொண்டே மூன்று சக்கரத்தைச் சந்துக்குள் திருப்பினாள்.

அவர் குதித்து இறங்கினார்.